கொல்லிமலையில் நர்ஸம்மாவின் பின்னால்

செவ்வாய் இரவு, செம்மேடு

காரவள்ளியிலிருந்து ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும், பேருந்தில் யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார், பாதி மலை தாண்டியதும் காற்று குளிரும். சேந்தமங்கலத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு மலை முழுக்கத் தூங்கினார். பழகியவர்கள் அப்படித்தான்.

ஆகாய கங்கை, அறப்பளீசுவரர் கோயில், வல்வில் ஓரி சிலை எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இந்த முறை வந்தது நண்பனின் அக்காவைப் பார்க்க. அவர் இங்கே கிராம சுகாதார செவிலியர். மலைக்காரர்களுக்கு நர்ஸம்மா. வாரம் முழுக்கக் கூடவே வருகிறேன் என்று போனில் கேட்டபோதே நிபந்தனை போட்டுவிட்டார்.

"நடக்கத் தெம்பு இருந்தா வாங்க தம்பி. ஆனா யாரு பேரையும் எழுதக் கூடாது. எந்த ஊருன்னும் சொல்லக் கூடாது. கேக்காம போட்டோ எடுத்தீங்கன்னா அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுருவேன்."

அதனால் இந்தப் பதிவுகளில் பெயர்கள் இருக்காது. ஊர் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதையும் சொல்லப் போவதில்லை. (கொல்லிமலையில் ஊராட்சிகளே வளப்பூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு என்று 'நாடு' போட்டுத்தான் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஒரு வாரத்தில் நாலைந்து நாடு சுற்றி வரலாம்.)

அக்கா இருக்கும் துணை சுகாதார நிலையம் இரண்டு அறையும் ஒரு திண்ணையும். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு, மலையில் மூவாயிரம் பேருக்கு ஒன்று. மூவாயிரம் என்றால் குறைவுதானே என்று நினைத்தேன். அக்கா சுவரில் வரைந்திருந்த படத்தைக் காட்டினார். அத்தனை பேரும் பத்துப் பன்னிரண்டு சிற்றூர்களாக, ஓடைக்கு அந்தப் பக்கமும் மேட்டுக்கு மேலேயும் சிதறிக் கிடக்கிறார்கள். சில ஊருக்கு ஸ்கூட்டர் போகும். சில ஊருக்குக் கால்தான்.

அக்காவின் சொந்த ஊர் கீழே, ராசிபுரம் பக்கம். அந்தக் காலத்துப் பதினெட்டு மாதப் பயிற்சியை முடித்துவிட்டு மலைக்கு வந்தவர். வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. பெண் கல்லூரியில் படிக்கிறாள், பையன் பிளஸ் டூ. குழந்தைகள் இரண்டும் வளர்ந்தது பாட்டி வீட்டில். ராத்திரி சாப்பிடும்போது அவராகவே சொன்னது இது:

"மலையில எல்லாப் பிள்ளைக்கும் நான்தான் ஊசி போட்டேன். எம் பிள்ளைக்கு எங்கம்மாதான் தூக்கிட்டுப் போயி போட்டுட்டு வந்தாங்க. எம் பொண்ணு இன்னமும் சொல்லிக் காட்டுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. நாளைக்குப் புதன்கிழமை, ஊசி நாள், காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

புதன்

தமிழ்நாடு முழுக்கப் புதன்கிழமை தடுப்பூசி நாள். எனக்கு இது தெரியும், ஆனால் அந்த நாள் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ஐஸ் கட்டியில் தொடங்குகிறது.

விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே உறைபெட்டியிலிருந்து தட்டையான நான்கு ஐஸ் பேக்குகளை எடுத்து அக்கா மேசைமேல் பரப்பி வைத்தார். எடுத்த உடனே பெட்டியில் அடுக்க மாட்டார்களாம். அவை வியர்த்து, மேலே நீர் முத்துமுத்தாகக் கோத்து நிற்கும்வரை காத்திருந்தார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினார். உள்ளே தண்ணீர் சளக்கென்று கேட்டால்தான் பெட்டிக்குள் போகும். மூன்று போனது. நான்காவதைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேசையில் வைத்தார்.

"நல்லாக் குளுந்து இருக்கறதுதானே நல்லது?" என்றேன்.

"ரொம்பக் குளுந்தாலும் கெட்டுப்போகும் தம்பி. சூட்டுல கெட்டா இந்த லேபிளப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். உறைஞ்சு கெட்டா அது காட்டாது."

தடுப்பூசிகள் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். சொட்டு மருந்துக்கு வெயில்தான் எதிரி. ஆனால் பென்டாவேலன்ட், டிடி போன்ற ஊசி மருந்துகள் உறைந்தால் வீண். குப்பியின் லேபிளில் ஒரு சிறு வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கிறது. சூடு பட்டால் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. அக்கா அன்று எத்தனை முறை அந்தச் சதுரத்தைப் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை. பேசிக்கொண்டே பார்ப்பார், குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே பார்ப்பார்.

நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கொஞ்ச தூரம், பிறகு நடை. பாதையின் இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. பலாப்பழ வாசனை எங்கே போனாலும் கூடவே வந்தது. பெட்டியை நான் தூக்குகிறேன் என்று கேட்டேன், தரவில்லை.

அங்கன்வாடியில் தாய்மார்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அக்காவிடம் பட்டியல் இருந்தது: இந்த வாரம் ஆறு வாரம் ஆன குழந்தை யார், பத்து வாரம் யார், பதினான்கு யார், ஒன்பது மாதம் யார். வந்தவர்களை டிக் போட்டார். வராத ஒரு குழந்தைக்காக போன் போட்டார். அப்பா அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள், குழந்தையும் அவர்களோடு. "அட்டை கையில இருக்கா? அங்கயே பக்கத்து ஆஸ்பத்திரில புதன்கிழமை போட்டுக்கலாம். எந்த ஏரியான்னு சொல்லு, அங்க இருக்கற சிஸ்டர் நம்பர் வாங்கித் தரேன்." வாங்கியும் கொடுத்தார், அதற்கு நான்கு போன் ஆனது.

ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுதான் வந்திருந்தது. அதற்குப் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா மருந்து பொடியாக வரும், கரைத்துத்தான் போட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து. கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்காக உடைப்பதா என்று நான் யோசிப்பதற்குள் அவர் உடைத்துவிட்டார், குப்பியின்மேல் மணியையும் எழுதிவிட்டார். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. அடுத்த வாரம் மழை பெய்யலாம், அந்த அம்மா வராமல் போகலாம்.

ஊசி போட்ட பிறகு ஒவ்வொரு தாயிடமும் நான்கு விஷயம் சொன்னார்: என்ன ஊசி, என்ன ஆகலாம், அடுத்து எப்போது, அட்டையைப் பத்திரமாக வை. பிறகு அரை மணி நேரம் யாரையும் எழுந்து போக விடவில்லை. ஒரு பாட்டி மட்டும் சண்டைக்கு வந்தார். போன தடவை பேரனுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சலாம், இந்தத் தடவை வேண்டாமாம்.

"காய்ச்சல் வந்துச்சா, போச்சா?"

"போச்சு."

"மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அப்ப எங்கூட எதுக்குச் சண்டை போடற? உம் பையனுக்கு நான் போட்டப்போ நீ இதத்தான் சொன்ன."

பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இப்படி ஒரு பதிலைப் புதிதாக மாற்றலாகி வந்தவர் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் நீண்ட காலம் இருப்பதும் ஒரு மருந்துதான் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும்போது ஐந்து நோய்க்கும் ஒரே ஊசியான பென்டாவேலன்ட் வந்த கதையைச் சொன்னார். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் நாட்டிலேயே முதலில் வந்தது. அதற்கு முன்னால் முத்தடுப்பு தனி, மஞ்சள் காமாலை ஊசி தனி. "ஒரு குத்துக் கொறஞ்சதுல பிள்ளைங்களவிட எனக்குத்தான் சந்தோஷம்" என்றார்.

மாலையில் பதிவேடு. பிறகு அதையே கணினியில் ஏற்ற வேண்டும். சிக்னல் திண்ணையின் வலது மூலையில் மட்டும் கிடைக்கும், அக்கா அந்த மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எட்டரை மணி வரை ஏற்றிக்கொண்டிருந்தார். மலை ஏறி இறங்கியதைவிட அவருக்குக் களைப்பு தந்தது இதுதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வியாழன்

இன்று கர்ப்பிணிகள் வீடு.

அக்காவின் கைப்பையில் அரசு கொடுத்த பதிவேடுகள் தவிர, நீளமான ஒரு கணக்கு நோட்டு உண்டு. அது அவருடையது. முதல் பக்கங்களில் பிரசவத் தேதிகள். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டிப் போட்ட தேதி, பக்கத்தில் அவர் கையால் ஒரு முன்தேதி. அந்த முன்தேதிக்குள் பெண் மலையிறங்கியோ, மருத்துவமனைக்குப் பக்கத்திலோ இருக்க வேண்டும். அடுத்த பக்கங்களில் ஜீப் வைத்திருப்பவர்கள், ராத்திரி எழுப்பினால் கோபித்துக்கொள்ளாதவர்கள், எந்தப் பாறைமேல் ஏறினால் போன் கிடைக்கும் என்பது. கடைசிப் பக்கங்களில் ரத்த வகைகள்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-இல் வந்தது. அதற்கு முன்பு போர்வையை மூங்கிலில் தொட்டில் போலக் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தோளில் தூக்கிக்கொண்டு சாலைக்கு வருவார்கள். அக்கா அப்படிக் கூடவே ஓடியிருக்கிறார். "இப்ப வண்டி வருது, நல்லாத்தான் இருக்கு. ஆனா வலி வந்தப்புறம் எழுபது வளைவு இறங்கறத யோசிச்சுப் பாருங்க. எனக்கு வலி வர்றதுக்கு முன்னாடி வேலை. வந்தப்புறம் டாக்டர் பாத்துக்குவாரு."

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இதைப் பெருமையாக அவரிடம் சொன்னேன். "மிச்ச 0.4 எங்க இருக்கும்னு நினைக்கறீங்க? இப்படிப்பட்ட எடத்துலதான் இருக்கும்" என்றார்.

முதல் வீட்டில் ஐந்து மாதம். விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார், ஹீமோகுளோபின் 9.2. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். "மாத்திரை போடறியா?" "போடறேனுங்க." அக்கா அந்தப் பதிலோடு விடவில்லை, டப்பாவை எடுத்து வரச் சொல்லி அட்டைகளை எண்ணினார். போட்டிருக்கிறாள், பொய் இல்லை. "எதோட போடற?" "காலையில காபி குடிச்சுட்டு." அங்கேதான் சிக்கல். வீட்டுக்குப் பின்னாலேயே காபி காய்க்கிறது, காபி குடிக்காதே என்று சொன்னால் கேட்பார்களா? காபியோ டீயோ கூடச் சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. "காபி காலையில குடி. மாத்திரை ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போடு. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒண்ணாப் போடாத. கக்கூஸ் கறுப்பாப் போகும், பயந்து நிறுத்திராத." இரண்டு வாரம் கழித்து வந்து மறுபடி குத்திப் பார்ப்பேன் என்று சொல்லித் தேதியை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கர்ப்பத்தைப் பதிந்த எண் போட்டாயிற்றா, வங்கிக் கணக்கு எண் சரியா என்றும் பார்த்தார். பன்னிரண்டு இலக்கப் பதிவு எண் இல்லாவிட்டால் பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அதைப் பிடித்துத்தான் வரும், 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டிகளாகவும்.

இரண்டாவது வீடுதான் அன்றைய முக்கியமான வீடு. ஒன்பதாம் மாதம். முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தது, அதற்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. போதாததற்கு ரத்தம் ஓ நெகட்டிவ். (இதை எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். பேர் போடாமல் எழுதுங்க என்றாள்.) இந்தப் பிரசவம் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையே நாமக்கல் போய்விட வேண்டும் என்பது அக்காவின் முடிவு.

கணவன் முடியாது என்றான். தோட்டத்தில் பலா பழுத்துக் கிடக்கிறது, ஆடுகள் இருக்கின்றன, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, வலி வந்தால் வண்டிக்கு போன் பண்ணுகிறோம். அவன் சொன்னதில் ஒன்றுகூட அநியாயம் இல்லை. அக்காவும் அவனைத் திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஆட்டைப் பற்றிப் பேசினார். எத்தனை ஆடு, யார் மேய்க்கலாம், பெரியப்பா வீட்டில் சேர்த்து ஓட்டினால் என்ன? பிள்ளையை யாரிடம் விடலாம்? அவன் மாமியார் மேட்டூரில் கூலி வேலை செய்கிறார், அவரை வரவழைக்க முடியுமா? அங்கிருந்தே போன் போட்டார். முக்கால் மணி நேரம் ஆனது, மருத்துவம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அவன், "பலாவ மட்டும் நான் சனிக்கெழமைக்குள்ள எறக்கிட்டேன்னா போயிரலாம்" என்றான்.

வெளியே வந்ததும் நோட்டைத் திறந்து அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக 'பலா - சனி' என்று எழுதினார்.

வெள்ளி

மழை. அக்காவுக்கு மாதாந்திரக் கூட்டம், என்னை வர வேண்டாம் என்றார். நான் ஆகாய கங்கைக்குப் போனேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி, இறங்கும்போது பெருமை, ஏறும்போது முழங்கால். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சனி

இன்றைக்கு அக்காவுக்கு விடுமுறை என்று சொன்னார்கள். பேச்சுதான்.

காலையில் பள்ளிப் பெண் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் திண்ணைக்கு வந்தார்கள். மாதவிடாய், ரத்தசோகை, பதினெட்டு வயதுக்கு முன்னால் கல்யாணம் என்று வீட்டில் பேச்செடுத்தால் யாரிடம் சொல்வது என்றெல்லாம் பேச்சு. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வழியாகச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை, சம்பளமும் கிடையாது.

மத்தியானம், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. மகளிர் குழுப் பெண்களே வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு தாத்தா மாத்திரையை நிறுத்திவிட்டார், தலைசுற்றல் போய்விட்டதாம், இனி எதற்கு மாத்திரை என்கிறாராம். அக்காவும் தன்னார்வலரும் அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று பேசியதைக் கேட்டால் தேர்தல் வியூகம் தோற்றுப்போகும். கடைசியில் தாத்தாவின் பேத்தியைப் பிடிப்பது என்று முடிவானது.

சாயங்காலம் ரத்தப் பட்டியல். நோட்டின் கடைசிப் பக்கங்களில் பெயர், வகை, எண், கடைசியாகக் கொடுத்த தேதி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்பதால் அந்தத் தேதி முக்கியம். ஓ நெகட்டிவ்வில் இரண்டே பெயர். ஒருவர் லாரி டிரைவர், வண்டியோடு மகாராஷ்டிராவில் இருக்கிறார், வர இன்னும் பத்து நாள். இன்னொருவர் ராசிபுரத்தில் கடை வைத்திருக்கிறார். "தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அடுத்த வாரம் மட்டும் வெளியூர் போகாம இருங்க தம்பி." அவர் சரி என்றார். மருத்துவமனை ரத்த வங்கியிலும் விசாரித்தார். குழந்தைக்கு பாசிட்டிவ் ரத்தமாக இருந்தால் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட வேண்டிய, அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றியும் சிவப்பு மையில் எழுதி, அந்தப் பெண்ணின் அட்டையில் பின் குத்தி வைத்தார்.

ஏழு மணிக்குக் கணவனிடமிருந்து போன். பலாவை இறக்கியாயிற்று.

ஞாயிறு, நாமக்கல் பேருந்து நிலையம்

காலைப் பேருந்தில் இறங்கினோம். அக்கா எப்படியும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறவர், இன்று கூட ஒரு குடும்பம். கர்ப்பிணிக்கு முன்பக்க இருக்கை. மேட்டூரிலிருந்து நேற்று இரவே வந்த அம்மா பக்கத்தில், கணவன் இரண்டு பையோடும் ஒரு பலாப்பழத்தோடும் பின்னால். பழம் யாருக்கு என்று கேட்டேன். டாக்டருக்காம். டாக்டர் வாங்க மாட்டார் என்று அக்கா சொன்னார், அப்போ நர்ஸம்மா வீட்டுக்கு என்றான்.

டிரைவர் அக்காவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் முழுதாக வேகத்தைக் குறைத்துத் திருப்பினார். பின்னால் இருந்த ஒருவர் "என்னப்பா மாட்டு வண்டியா?" என்று சத்தம் போட்டார். கண்டக்டர் முன் இருக்கையைக் கைகாட்டியதும் அவர் அடங்கினார்.

மருத்துவமனையில் சேர்த்து, படுக்கை கிடைத்து, அட்டையை அங்கிருந்த செவிலியரிடம் கொடுத்து, சிவப்பு மையில் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அக்கா நகர்ந்தார். பதினோரு மணி. அவருடைய பெண் சேலத்திலிருந்து வந்து வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள், மூன்று முறை போன் பண்ணிவிட்டாள். நான்காவது போனில், "வந்துட்டேன் சாமி, பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன்" என்று அக்கா சொன்னபோது நாங்கள் இன்னும் மருத்துவமனை வாசலில்தான் நின்றோம்.

எனக்கு சேலம் பேருந்து. ஏறுவதற்கு முன் நோட்டை எடுத்தார்.

"உங்க ரத்த வகை என்ன தம்பி?"

"ஓ பாசிட்டிவ்."

"அது எங்கிட்ட நிறைய இருக்கு. இருந்தாலும் எழுதிக்கறேன். கடைசியா எப்பக் குடுத்தீங்க?"

போன வருடம் என்றேன். "அப்ப இன்னைக்கே குடுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார், போன் எண்ணைத் திருப்பிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டார்.